திண்ணைக் கேள்விகள்: தேர் தூக்க யார் வருகிறார்கள்?

போன இதழில், எங்கள் ஊரில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்தில் யூதாசு வேடத்துக்கு ஆள் கிடைக்காமல், கீபோர்டு வாசிக்க வந்த வெளியூர்ப் பையனுக்கே அங்கியை மாட்டிவிட்ட கதையை எழுதியிருந்தேன். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதி, "எங்கள் பங்கிலும் இதே நிலைமைதான்" என்று ஆரம்பித்து, ஆளுக்கொரு கேள்வியோடு முடிந்தன. அதனால் சமையல், மாடு, மருமகள் எல்லாம் அடுத்த மாதம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்கு என்றால் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் கத்தோலிக்கக் கோயில் வட்டாரம். நான் வெண்ணாற்றங்கரையில் ஒரு கிளைக்கிராமத்து உபதேசியார் மகள். சாமியார் மாதம் ஒரு முறை வண்டி கட்டி வந்த காலம் அது. மற்ற ஞாயிறுகளில் மணியடித்து, மந்திரம் சொல்லி, செபம் நடத்தியது அப்பாதான். எனக்கு முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட வேலை. பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் மூன்று தடவை இருந்து, ஒரு தடவை கோபித்துக்கொண்டு வெளியே வந்தவள்.

*

கேள்வி: சொந்த ஊர் திருவையாறு பக்கம். இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஊர்க் கோயிலுக்கு வருஷம் தவறாமல் தலைக்கட்டு வரி கட்டுகிறேன். போன திருவிழாவில் சீரியல் விளக்கு என் உபயம். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். அவள் கல்யாணத்தை ஊரில் வைக்கலாம் என்று போனால், "நீங்கள் இந்தப் பங்கு இல்லையே, குடியிருக்கிற பங்கில் கடிதம் வாங்கி வாருங்கள்" என்கிறார் ஃபாதர். வரி வாங்கும்போது மட்டும் நான் இந்தப் பங்கா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கடைசி வரி சுருக்கென்றுதான் இருக்கிறது, தம்பி. ஆனால் ஃபாதர் சொன்னது சரி. பங்கு என்பது வரி நோட்டு இல்லை, எல்லை. இப்போது நடப்பில் இருக்கும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, பங்கு என்றால் பொதுவாக ஒரு நிலப்பரப்பு. அதற்குள் குடியிருக்கும் கத்தோலிக்கர் எல்லாரும் அந்தப் பங்கு. ஓரிடத்தில் ஐந்து வருஷம் இருந்துவிட்டாலே அது உங்கள் உறைவிடம் ஆகிவிடும். நீங்கள் நாலு மடங்குக்கு மேல் இருந்துவிட்டீர்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ குடியிருக்கும் பங்கில் கல்யாணம் நடப்பது முறை. வேறு கோயிலில் என்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். அவர் முடியாது என்று சொல்லவில்லை, ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்.

முதலில் திருப்பூரில் உங்கள் பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்துப் போய் "நான் இன்னார்" என்று நிற்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், உங்களைப் போல அவர் தினம் ஒருவரைப் பார்த்திருப்பார். மகளின் ஞானஸ்நானச் சான்றைப் புதிதாக எடுங்கள். லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கும் பழையது ஆகாது, வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் கேட்பார்கள். ஏன் தெரியுமா? உறுதிபூசுதல், கல்யாணம், குருப்பட்டம், நிரந்தரத் துறவற வார்த்தைப்பாடு எதுவானாலும், ஞானஸ்நானப் புத்தகத்தில் அவரவர் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும் தகவல் அந்த ஓரத்துக்கு வந்து சேர வேண்டும். புதுச் சான்றைப் பார்த்தால் ஓரம் காலியா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்பா அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். பாகூர், பினாங்கு, ரங்கூன் என்று ஓரமெல்லாம் ஊர்ப் பெயர்களாக இருக்கும். உங்கள் மகள் எங்கே போனாலும் அந்த ஓரம் அவளுக்கு ஊரில் இருக்கிறது. ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், கல்யாணத் தயாரிப்பு வகுப்பும் உண்டு. அந்த நாட்களைக் கணக்குப் பண்ணிய பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

வரி விஷயம் வேறு. அது ஊர்க்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. பாக்கி இருக்கிறது என்று சொல்லி ஞானஸ்நானத்தையோ அடக்கத்தையோ நிறுத்த எந்த நாட்டாண்மைக்கும் உரிமை இல்லை. எங்கள் ஊரில் அது முன்பு நெல்லாக வந்தது, அறுப்பு முடிந்ததும் மரக்கால் கணக்கு. நெல்லை அளந்தவரே அடுத்த வாரம் சுண்ணாம்பு வாளியோடு கோயில் சுவருக்கும் வந்தார். இப்போது பணம் ஜிபேயில் நொடியில் வந்துவிடுகிறது. சுண்ணாம்பு அடிக்கக் கான்ட்ராக்ட். உங்களைக் குத்திக் காட்டவில்லை, என் மகனும் சிங்கப்பூரிலிருந்து அப்படித்தான் அனுப்புகிறான்.

*

கேள்வி: ஞாயிறு பூசையை மாதா டிவியில் பார்த்தால் பூசை கண்டதாக ஆகுமா? எனக்கு 81 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நடக்க முடியாதவர்களுக்கு ஞாயிறு பூசைக்குப் போகும் கடனே இல்லை அம்மா. இல்லாத கடனுக்குக் கணக்கு எதற்கு? ஆசை தீரப் பாருங்கள். மாத முதல் வெள்ளிக்கு நற்கருணை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பங்கில் பெயர் கொடுங்கள், கேட்டால்தான் வருவார்கள். "2020 கொரோனாவில் எல்லாரும் ஃபோனில்தானே பார்த்தோம்" என்று படுக்கையில் கிடந்தபடி பூசை பார்க்கும் பேரனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு ஆகாது. ஞாயிறு தூக்கம்தான் பிரச்சினை என்றால் சனிக்கிழமை சாயந்தரப் பூசைக்குப் போகச் சொல்லுங்கள், ஞாயிற்றுக் கடன் அதில் தீரும்.

*

கேள்வி: எங்கள் அன்பியத்தில் 32 வீடு. கூட்டத்துக்கு வருவது ஏழு பேர். ஏழில் இளையவள் நான், வயது 54. இதை இழுத்துக்கொண்டு போவதில் என்ன பயன்?
(அன்பியப் பொறுப்பாளர், மன்னார்குடி)

பதில்: முப்பது வீட்டுக்கு ஒரு வட்டம், அதில் கூடி நற்செய்தி வாசிப்பது, மனம்விட்டுப் பேசுவது, அப்புறம் தெருவுக்கு ஏதாவது ஒன்று செய்வது. தொண்ணூறுகளில் நம் பக்கத்துப் பங்குகளில் அன்பியத்தைத் தொடங்கியபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த மூன்றும்தான். மூன்றாவதைப் பல இடங்களில் மெல்லக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பலகாரத்தை வைத்துவிட்டார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு வீட்டில் சுண்டல், அடுத்த வீட்டில் பஜ்ஜி, அதற்கடுத்து குலோப்ஜாமூன் என்று ஏறிக்கொண்டே போனது. நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண், தன் முறை வந்த வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அது புரிய மூன்று மாதம் ஆனது, நான் வாத்தியார் வேலை பார்த்தவள் என்று பெயர். இப்போது யார் வீடானாலும் கட்டங்காப்பி மட்டும்.

கூட்டம் திரும்ப உயிர் பெற்றது ஒரு ஆஸ்பத்திரி விஷயத்தால். தெருவில் தனியாக இருந்த பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் சேர்த்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் கத்தாரில். ராத்திரி யார் படுக்கையோரம் இருப்பது? ஒரு நோட்டில் முறை எழுதினோம். பதினெட்டு ராத்திரி. கூட்டத்துக்கே வராத வீட்டு ஆண்கள் ஒன்பது பேர் வந்தார்கள். செபத்துக்குக் கூப்பிட்டால் கூச்சப்படுகிறவர்கள், ஃபிளாஸ்க்கோடு வா என்றால் வருகிறார்கள். கத்தார்ப் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் சேர்ந்து, ஸ்கேனுக்கும் வண்டிக்கும் அங்கிருந்தே பணம் கட்டினார்கள்.

ஆகையால் தங்கச்சி, ஏழு பேரை எண்ணிக் குறைப்படாதீர்கள். உங்கள் 32 வீட்டில் யார் வீட்டுக் கதவு மாதக் கணக்கில் தட்டப்படாமல் இருக்கிறது என்று அந்த ஏழு பேருக்குத்தான் தெரியும். கூட்ட நேரம் ராத்திரி ஏழரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சீரியல் நேரம், அதோடு போட்டி போட என்னால் ஆகாது, உங்களாலும் ஆகாது. மாற்றிவிடுங்கள்.

*

கேள்வி: எனக்கு 17 வயது. தம்பியைப் பீடச் சிறுவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான் கேட்டால், "பெண்பிள்ளை வாசகம் வாசித்தால் போதும்" என்கிறார் பேரவைத் தாத்தா ஒருவர். சட்டம் அப்படியா?
(வாசகி, நாகப்பட்டினம் பக்கம்)

பதில்: இல்லை, கண்ணு. பெண்பிள்ளைகள் பீடத்தில் உதவலாம் என்று 1994-இல் ரோமாபுரி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயர் அனுமதித்த மறைமாவட்டத்தில் பங்குத்தந்தை சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே தாத்தாவை விட்டுவிட்டு ஃபாதரையே கேள். 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் இன்னும் ஒரு படி போய், வாசகர், பீடத்துணைவர் என்ற நிரந்தரப் பணிகளையே பெண்களுக்குத் திறந்துவிட்டார்.

என் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். அப்போது பூசை லத்தீனில். அப்பா சாயந்தரம் திண்ணையில் பையன்களை உட்காரவைத்து, "தோமினுஸ் வோபிஸ்கும்" என்று சாமியார் சொன்னால் "ஏத் கும் ஸ்பீரித்து தூவோ" என்று பதில் சொல்லப் பழக்குவார். அவர்கள் திக்குவார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு முழுப் பூசையும் மனப்பாடம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கேட்க யாரும் இல்லை. பெண்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியைத் தாண்டக் கூடாது. ஆனால் சனிக்கிழமை துடைப்பத்தோடு போனால் தாண்டலாம், அதற்கு ஒரு தடையும் இருந்ததில்லை! அப்புறம் உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து பூசை தமிழுக்கு வந்தது. நான் படித்த லத்தீன் யாருக்கும் வேண்டாமல் போயிற்று. நீ அவ்வளவு நாள் காத்திருக்காதே.

*

கேள்வி: எங்கள் ஊர் மாதா தேரைத் தோளில் தூக்க ஆள் இல்லை. டிராக்டரில் வைத்து இழுக்கலாம் என்று ஒரு கட்சி, கூலிக்கு ஆள் வைத்துத் தூக்கலாம் என்று ஒரு கட்சி, பரம்பரை வழக்கத்தை மாற்றக் கூடாது என்று பெரியவர்கள் ஒரு கட்சி. தீர்ப்புச் சொல்லுங்கள்.
(திருவிழாக் குழு உறுப்பினர், கும்பகோணம் பக்கம்)

பதில்: தீர்ப்புக்கு முன்னால் இரண்டு கேள்வி. உங்கள் தேர் எந்தத் தெரு வரைக்கும் போகிறது? ஆள் இல்லை என்கிறீர்களே, யாரையெல்லாம் கேட்டீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் ஊரில் ஒரு பழைய முறை நோட்டு இருக்கிறது. வலது முன் வாரை இன்ன குடும்பம், இடது பின் வாரை இன்ன குடும்பம் என்று பதினாறு தோளுக்கும் பெயர் எழுதியது. அப்பாவின் கையெழுத்து. பதினாறும் வடக்குத் தெருப் பெயர்கள். தெற்குத் தெரு ஆதிதிராவிடர் தெரு. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நன்மை (நற்கருணை). ஆனால் தேர் வாய்க்கால் மதகு வரை வந்து திரும்பிவிடும். அவர்கள் மதகுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, உப்பும் மிளகும் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்து முதல் நன்மைக்குத் தயார் செய்ததும் அப்பாதான்.

தொண்ணூறுகளில் அவர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும். அவ்வளவுதான். அந்த வருஷம் கொடியேறவில்லை. தேர்க்கொட்டகைக்கு இரண்டு பூட்டு, இரண்டு தெருவும் ஆளுக்கொன்று போட்டது. நான்கு வருஷம் திருவிழா இல்லை. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீசில் சமாதானக் கூட்டம் மேல் கூட்டம். அப்பா எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. நான் அப்போது நாற்பதைத் தொட்ட பள்ளி ஆசிரியை, நானும் திறக்கவில்லை. அதை எழுதாமல் இந்தப் பதிலை எழுதக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கடைசியில் தேர் மதகைத் தாண்டியது. அதிகாரி வந்து நின்றதால் தாண்டியது, மனம் மாறி இல்லை. மனம் என்னவோ இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது, கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் வைத்திருக்கும் ஊர்களும் நம்மிடையே உண்டு. தீண்டாமை பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. எத்தனை பங்குகளில் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள்? வெளியே போனால், "நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி கிடையாது" என்று 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டிப் பட்டியல் சாதிச் சலுகையை மறுக்கிறார்கள். உள்ளே வந்தால் மதகோடு நிறுத்துகிறோம். இரண்டு வாசலிலும் ஒரே ஆளையே நிற்கவைத்திருக்கிறோம்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். வடக்குத் தெருவில் பூட்டிய வீடுகளே அதிகம். பையன்கள் சென்னை, கனடா, ஷார்ஜா. போன திருவிழாவில் தேரைத் தூக்கிய பதினாறு பேரில் பதினொருவர் தெற்குத் தெரு. எலெக்ட்ரீசியன், ஏ.சி. மெக்கானிக், நர்சிங் படிக்கிறவன் ஒருவன். யாரும் கூலி கேட்கவில்லை. பழைய நோட்டில் மூன்றாவது பெயராக இருப்பவரின் பேரன் கனடாவிலிருந்து வந்திருந்தான். சும்மாடு கட்டத் தெரியாமல் முழித்தான். அந்த நர்சிங் பையன்தான் துண்டைச் சுருட்டி அவன் தோளில் வைத்துவிட்டான். மாதா அசங்காமல் மதகு தாண்டினாள்.

சரி, டிராக்டர். ஆள் உண்மையாகவே இல்லை என்றால் சக்கரத்தில் வைப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. கூலிக்கு ஆள் வைப்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன், பெற்ற தாயைச் சுமக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. டிராக்டர் என்றால் உயரம் கூடும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை மறக்காதீர்கள். டிராக்டர் மேல் தேரை வைத்து, உச்சிச் சிலுவையோடு உயரத்தை அளந்து, மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, தேர் தெருவில் இருக்கும் நேரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். டிரோன் கேமராவுக்குச் செலவழிக்கும் குழு இதற்கு ஒரு நாள் அலையலாம்.

அதற்கெல்லாம் முன்னால், இதுவரை கேட்காத தெருவில் போய்க் கேளுங்கள். "தூக்க வா" என்று மட்டும் கேட்டால் வர மாட்டார்கள், வரவும் கூடாது. தேர் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும், குழுவில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும், கணக்கு நோட்டு அவர்கள் கைக்கும் போக வேண்டும். பங்கில் நிதிக்குழு கட்டாயம் என்பது ஏற்கெனவே சட்டம். பங்குப் பேரவையையும் கட்டாயமாக்குங்கள் என்று 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு கேட்கிறது. பேரவையில் யார் உட்காருவது என்பதை ரோம் வந்து பார்க்காது, அது உங்கள் ஊர் வேலை.

*

கேள்வி: என் வயது 76. ஓய்வுபெற்ற தபால்காரன். மனைவி போனது ஒரு கார்த்திகை மாதம், அடைமழை. குழி தோண்டத் தோண்டத் தண்ணீர். வாளியால் இறைத்து, பெட்டியை அழுத்திப் பிடித்துத்தான் மண் தள்ளினார்கள். அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. இப்போது குழி வெட்ட ஆளும் கிடையாது. என்னை எரிக்கச் சொல்லி எழுதிவைக்கலாமா? அப்படிச் செய்தால் அவளுக்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் போய்விடுமா?
(வாசகர், திருத்துறைப்பூண்டி பக்கம்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

எரிக்கலாம். 1963-லேயே திருச்சபை அனுமதித்துவிட்டது. அடக்கம்தான் அதற்கு விருப்பம், ஆனாலும் உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்யாதவரை தடை இல்லை. கோயிலில் உடலை வைத்துப் பூசை செய்துவிட்டு, எரிமேடை இருக்கும் ஊருக்குக் கொண்டுபோகலாம். சாம்பலுக்குத்தான் கட்டுப்பாடு. 2016-இல் வந்த வழிகாட்டுதலின்படி அதை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூடாது, பூம்புகாரிலோ காவிரியிலோ கரைக்கவும் கூடாது. கல்லறையில் அல்லது திருச்சபை அதற்கென ஒதுக்கிய புனிதமான இடத்தில் வைக்க வேண்டும்.

குழி வெட்ட ஆள் இல்லாதது பற்றி. எங்கள் ஊரில் அந்த வேலையை ஒரே தெருவின் தலையில் கட்டியிருந்தோம். அந்தத் தெருப் பிள்ளைகள் படித்து, மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சரிதான். ஒரு வருஷம் பொக்லைன் வந்தது, வரப்பைச் சிதைத்துவிட்டுப் போனது. இப்போது அன்பியத்துக்கு ஒரு மாதம் என்று முறை, எந்தத் தெருவானாலும். கோடையில் வண்டல் அடித்துக் கல்லறைத் தோட்டத்தை இரண்டடி உயர்த்தினோம். போன மழையில் அடக்கம் செய்தபோது குழியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் நின்றது. உங்கள் பங்கிலும் சித்திரையிலேயே பேசிவையுங்கள், ஐப்பசியில் பேசிப் பயனில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். சாம்பல் கலசத்துக்கு ஒரு முழம் இடம் போதும். உங்கள் மனைவியின் கல்லறையையே திறந்து அதில் வைக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள், அவர் மறுக்கக் காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொண்டால், "அவள் குழியிலேயே" என்று உங்கள் கைப்பட எழுதித் தேதி போட்டு, ஒரு நகல் ஃபாதரிடம், ஒரு நகல் மூத்த மகனிடம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?